சிறுநீரக நோயாளிகள் வாங்கும் கேப்சூல் அட்டையில் உண்மையை எழுத வையுங்கள்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் தலைவருக்கும், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தைத் தமிழ்நாட்டில் நடைமுறைப்படுத்தும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் தஞ்சாவூரில் மருந்துக்கடை நடத்துகிறேன். பி.பார்ம். படித்தவன். டயாலிசிஸ் செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் கடை இருப்பதால், வருபவர்களில் பலர் சிறுநீரக நோயாளிகள் அல்லது அவர்களுடைய வீட்டு ஆட்கள். அவர்கள் நீட்டும் சீட்டில் ரத்த அழுத்த மாத்திரை, பாஸ்பரஸ் குறைக்கும் மாத்திரை, சோடா மாத்திரை, ரத்தம் ஊற ஊசி எல்லாம் இருக்கும். அடியில் இன்னொரு வரி இருக்கும்: புரோபயாடிக் (குடலுக்கு நல்லது என்று கொடுக்கும் உயிருள்ள நுண்ணுயிர்) கேப்சூல், காலை ஒன்று, இரவு ஒன்று. சீட்டில் இல்லாவிட்டாலும் கேட்டு வருகிறார்கள். "பக்கத்து பெட்காரருக்குக் கிரியேட்டினின் இறங்கியிருக்காம், அதே கேப்சூல் கொடுங்க" என்பார்கள். கிரியேட்டினின் என்பது சிறுநீரகத்தின் நிலையைக் கணிக்கப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை எண். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

டயாலிசிஸ் கட்டணத்தை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வயிற்று டயாலிசிஸ் பைகள் வீட்டுக்கே போகின்றன. இந்தக் கேப்சூலுக்கு மட்டும் கைக்காசுதான். சில வீடுகளில் மாதாந்திர மாத்திரைச் செலவில் மிகப் பெரிய தொகை இந்த ஒரு வரிக்கே போகிறது. பணம் குறையும் மாதத்தில் "எதை விடலாம் சார்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு அட்டையே நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். இப்போது அது சொல்வதில்லை.

அட்டையை எடுத்துப் பாருங்கள். அலுமினியப் படலம், பத்து கேப்சூல், பெட்டியின் முன்பக்கத்தில் இரண்டு சிறுநீரகங்களின் படம், சிறுநீரகத்தை நினைவூட்டும் ஒரு பெயர். கடையிலும் ரத்த அழுத்த மாத்திரைக்குப் பக்கத்து அடுக்கில்தான் இருக்கும். ஆனால் மருந்து உரிம எண் இருக்க வேண்டிய இடத்தில் உங்கள் ஆணையத்தின் 14 இலக்க எண் இருக்கிறது. சட்டப்படி அது உணவு, அதாவது பிஸ்கட்டும் ஊறுகாயும் சேரும் அதே சட்டத்தின் கீழ் வரும் பொருள். ஓர் ஓரத்தில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்த வரியைக் கேட்டது உங்கள் விதிதான். அதை அச்சிட்டுவிட்டதால் மீதிப் பெட்டி முழுவதும் மருந்து போலவே பேசலாம் என்றாகிவிட்டது.

குழப்பத்தைக் கூட்டும் இன்னொன்றும் இருக்கிறது. புரோபயாடிக் எல்லாமே உணவு உரிமத்தில் வருவதில்லை. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் பேசிலஸ் கிளாசி போன்றவை மருந்தாகவே உரிமம் பெற்று வருகின்றன. இரண்டு வகையும் ஒரே அடுக்கில், ஒரே மாதிரி அட்டையில். எது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையைத் தாண்டி வந்தது, எது தாண்டாதது என்று நோயாளியின் மனைவிக்கோ மகனுக்கோ தெரிய எந்த வழியும் இல்லை.

2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, இப்படிப்பட்ட பொருள் எந்த ஒரு குறிப்பிட்ட நோயையும் குணமாக்குவதாகவோ தணிப்பதாகவோ சொல்லக் கூடாது என்கிறது. 24ஆம் பிரிவு ஏமாற்று விளம்பரத்தைத் தடுக்கிறது. 53ஆம் பிரிவில் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. இவ்வளவும் கையில் இருக்கும்போது, சிறுநீரகப் படம் போட்டு, 'யூரியா, கிரியேட்டினின் அளவைச் சீராக்க உதவும்' என்ற துண்டுச் சீட்டோடு ஒரு பொருள் எப்படி என் கடைவரை வருகிறது? பெட்டியில் எழுத முடியாததை ரெப் (நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி) கொண்டுவரும் தாளில் எழுதுகிறார்கள். தாளில் எழுத முடியாததை வாயால் சொல்கிறார்கள். சட்டம் பெட்டியோடு நின்றுவிடுகிறது.

இந்தக் கேப்சூலுக்குப் பின்னால் இருக்கும் அறிவியல் எண்ணம் பொய்யானது என்று நான் சொல்லவில்லை. அது உண்மையிலேயே ஆழமான விஷயம். சிறுநீரகம் தளரும்போது ரத்தத்தில் தேங்கும் யூரியாவில் ஒரு பங்கு குடலுக்குள் கசிகிறது. அங்கே இருக்கும் பாக்டீரியா அதை அமோனியாவாக உடைக்கிறது. குடல் சுவரின் இறுக்கம் தளர்கிறது. நாம் சாப்பிடும் புரதத்தின் மிச்சத்தைச் சில பாக்டீரியாக்கள் நொதிக்க வைத்து இண்டோல், பி-கிரெசால் போன்றவற்றைத் தயாரிக்கின்றன. கல்லீரல் அவற்றை இண்டாக்ஸில் சல்ஃபேட், பி-கிரெசில் சல்ஃபேட் என்று மாற்றி ரத்தத்தில் விடுகிறது. அவை ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் டயாலிசிஸ் இயந்திரமும் அவற்றைச் சரியாக வெளியேற்றுவதில்லை. பெருங்குடல் நீக்கப்பட்ட டயாலிசிஸ் நோயாளிகளின் ரத்தத்தில் இவை மிகக் குறைவாக இருப்பதை 2011இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆக, இந்த நச்சுகள் பிறக்கும் இடம் குடல் என்பதில் சந்தேகம் இல்லை.

இதோடு நோயாளியின் சாப்பாட்டையும் சேர்த்துப் பாருங்கள். பொட்டாசியத்துக்குப் பயந்து பழத்தை நிறுத்துகிறோம், கீரையைக் குறைக்கிறோம், இளநீர் வேண்டாம் என்கிறோம், காயை நறுக்கி ஊறவைத்து வேகவைத்து வடித்த பிறகு சாப்பிடச் சொல்கிறோம். தண்ணீருக்கும் அளவு. நார்ச்சத்து குறைந்து மலச்சிக்கல் வருகிறது, குடலில் கழிவு தங்கும் நேரம் கூடுகிறது, நொதித்தலும் கூடுகிறது. அந்தக் குடலுக்கு நல்ல பாக்டீரியாவைக் கொடுத்தால் என்ன என்று கேட்பது நியாயமான கேள்வி. கேட்டுப் பார்த்துவிட்டார்கள். பதில் என்ன வந்தது என்பதுதான் அட்டையில் இல்லை.

ரெப்கள் அதிகம் காட்டும் ஆய்வு 2010இல் வெளியானது. அமெரிக்கா, கனடா, நைஜீரியா, அர்ஜென்டினா ஆகிய நான்கு நாடுகளிலும் சேர்த்து 46 பேர், நோயின் 3, 4ஆம் நிலையில் இருந்தவர்கள். அதில் 29 பேருக்கு யூரியா நைட்ரஜன் குறைந்தது. கிரியேட்டினின் குறைந்தது 20 பேருக்குத்தான், அதாவது பாதிக்கும் கீழே. 46 பேர், ஆறு மாதம். அடுத்து அதே கலவையை ரத்த டயாலிசிஸ் செய்பவர்களிடம் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள், 22 பேர். குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் நிரூபணமாகவில்லை. இந்த இரண்டாவது தாளை எந்த ரெப்பும் என் மேசையில் வைத்ததில்லை.

2016இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு இவற்றைவிட கவனமாகச் செய்யப்பட்டது. நல்ல பாக்டீரியாவையும் அதற்குத் தீனியாகும் நார்ப்பொருளையும் சேர்த்து 37 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பி-கிரெசில் சல்ஃபேட் குறைந்தது. முதன்மையாகக் குறைக்க நினைத்த இண்டாக்ஸில் சல்ஃபேட் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. கடைசியாக, 2023இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு அதுவரை நடந்தவற்றை ஒன்றுதிரட்டிப் பார்த்தது. 45 ஆய்வுகள், 2,266 பேர். பெரும்பாலானவை சிறியவை, குறுகிய காலத்தவை. டயாலிசிஸ் தேவைப்படும் நாளைத் தள்ளிப்போடுமா, இதயத்தைக் காக்குமா, ஆயுளைக் கூட்டுமா என்ற கேள்விகளுக்கு நம்பிப் பதில் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை.

இது தீங்கு என்று நிரூபணமாகிவிட்டதாகவும் நான் சொல்லவில்லை. பலன் நிரூபணமாகவில்லை என்கிறேன். நிரூபணமாகாத ஒன்றை ஒருவர் தெரிந்தே வாங்கினால் அது அவர் விருப்பம். என் கடைக்கு வருபவர்கள் தெரியாமல் வாங்குகிறார்கள். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

கிரியேட்டினின் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மொத்த வியாபாரமும் அந்த ஒரு எண்ணின் மேல்தான் நிற்கிறது. சிறுநீரக நோயாளியின் வீட்டில் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருப்பது அந்த எண்தான். போன மாதம் 4.2, இந்த மாதம் 3.8 என்றால் வீடே நிம்மதியாகிறது. ஆனால் கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. பசி செத்து, சாப்பாடு குறைந்து, உடம்பு வற்றி, தொடையும் புஜமும் கரைந்தால் அந்த எண் தானாகவே இறங்கும். சிறுநீரகம் ஒரு துளிகூடத் தேறியிருக்காது. நோயாளி மெலிந்திருப்பார், அவ்வளவுதான். அந்த மாதம் அவர் கேப்சூலும் சாப்பிட்டிருந்தால் பெயர் கேப்சூலுக்குப் போகிறது.

இன்னொரு பக்கம், குடலில் உள்ள பாக்டீரியா கிரியேட்டினினைச் சிதைக்கும் என்பதையே விற்பனையாளர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். அப்படியே வைத்துக்கொள்வோம். அப்போதும் இறங்குவது ரத்தத்தில் உள்ள அளவுதான். சிறுநீரகம் வடிகட்டும் திறன் கூடிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. அந்த எண்ணை வைத்துத்தான் மருத்துவர் நோயின் நிலையைக் கணக்கிடுகிறார், மருந்தின் அளவைத் தீர்மானிக்கிறார், ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடக் கையில் ரத்த நாளங்களை இணைக்கும் அறுவை) எப்போது போட வேண்டும் என்று யோசிக்கிறார். காய்ச்சலின் உண்மையான காரணம் இருக்கும்போது வெப்பமானியை மட்டும் தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி ஆகிவிடும். இந்த ஆபத்தைப் பற்றி எந்தப் பெட்டியிலும் ஒரு வரி இல்லை.

நச்சைக் குறைத்தால் நோய் நின்றுவிடும் என்பதும் சோதித்துப் பார்க்கப்பட்ட ஒன்று. ஜப்பானில் 1991 முதலே ஏஎஸ்டி-120 என்ற ஒரு கரித்துகள் மருந்து பயன்பாட்டில் இருக்கிறது. குடலிலேயே இண்டோலை உறிஞ்சிக்கொண்டு வெளியேறும். இண்டாக்ஸில் சல்ஃபேட்டைக் குறைக்கவும் செய்கிறது. ஆனால் பல நாடுகளில் 2,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தி 2015இல் முடிவு வெளியிட்ட பெரிய சோதனையில், வழக்கமான சிகிச்சையோடு அதைச் சேர்த்தும் நோயின் வேகம் குறைந்ததாக நிரூபிக்க முடியவில்லை. அந்தக் கரிக்கே இந்த நிலை என்றால், 40 பேரிடம் சோதித்த கேப்சூலுக்கு நாம் எவ்வளவு அடக்கமாகப் பேச வேண்டும்!

அடுத்து, யாருக்குக் கொடுக்கவே கூடாது என்ற கேள்வி. எனக்கு இரவில் தூக்கம் கெடுவது இதனால்தான். உள்ளே போவது உயிருள்ள நுண்ணுயிர். நல்ல உடல்நிலையில் இருப்பவருக்குப் பொதுவாகப் பிரச்சினை இல்லை. ஆனால் என் கடைக்கு வருபவர்களில் சிலருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியிருக்கிறார்கள். டாக்ரோலிமஸும் மைகோபினோலேட்டும் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருக்கின்றன. சிலருக்கு ஃபிஸ்டுலா இன்னும் பழுக்காததால் கழுத்தில் குழாய் இருக்கிறது; அந்தக் குழாய் நேராக இதயத்தை ஒட்டிய பெரிய நாளத்துக்குப் போகிறது. புரோபயாடிக்கில் இருக்கும் லாக்டோபேசிலஸ் ரத்தத்தில் கலந்து தொற்றாக மாறியது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. சாக்கரோமைசிஸ் பௌலார்டி என்ற ஈஸ்ட் விஷயத்தில் ஐரோப்பாவில் தெளிவாகவே எச்சரித்துவிட்டார்கள்: மத்திய நாளக் குழாய் உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள், தீவிர நிலையில் இருப்பவர்கள் ஆகியோருக்குக் கொடுக்கக் கூடாது என்று 2017இல் குறிப்பைக் கடுமையாக்கினார்கள். பொட்டலத்தைப் பிரிக்கும்போது காற்றில் பறக்கும் தூள்கூடப் பக்கத்தில் இருப்பவரின் குழாயை அடையலாம் என்பதால் கையாளும் முறையையும் சொன்னார்கள். இங்கே அதே ஈஸ்ட் சாஷேயாக எளிதில் கிடைக்கிறது. கழுத்தில் குழாயோடு வரும் ஒருவருக்கு யார் சொல்வது? நான் சொல்கிறேன். நான் இல்லாத நேரத்தில் கவுண்டரில் நிற்கும் பையனுக்கு என்ன தெரியும்? ஆன்லைனில் வாங்குபவருக்கு யார் சொல்வார்கள்?

அட்டையில் எழுதினால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சொன்னதாகும். ஆனால் எந்த மொழியில்? உணவு லேபிள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது விதி. பாபநாசத்திலிருந்தும் ஒரத்தநாட்டிலிருந்தும் பஸ் ஏறி வரும் விவசாயக் குடும்பத்துக்கு இரண்டும் பயன்படாது. எல்லா உணவுப் பொருளுக்கும் எல்லா மொழியிலும் அச்சிடச் சொல்வது சிரமம் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் ஒரு நோயைக் குறிவைத்து விற்கும் பொருளுக்காவது, விற்கும் மாநிலத்தின் மொழியில் எச்சரிக்கை இருக்க வேண்டாமா?

எண்ணிக்கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் அளவில் குறைந்தது பத்துக் கோடி உயிருள்ள நுண்ணுயிர் இருக்க வேண்டும் என்பது உங்கள் விதி. காலாவதி நாள்வரை எத்தனை உயிரோடு இருக்கும் என்பதையும், எந்த ஸ்ட்ரெய்ன் (ஓர் இனத்துக்குள் உள்ள குறிப்பிட்ட வகை) என்பதையும் அச்சிட வேண்டும். நல்ல விதி. ஆனால் நான் பார்க்கும் பல அட்டைகளில் இனத்தின் பெயர் மட்டும் இருக்கிறது, ஸ்ட்ரெய்ன் எண் இல்லை. ஒரு ஸ்ட்ரெய்னில் நடந்த ஆய்வைக் காட்டி இன்னொரு ஸ்ட்ரெய்னை விற்க இது வசதி. அப்புறம் வெயில். லாக்டோபேசிலஸும் பிஃபிடோபாக்டீரியமும் சூட்டைத் தாங்காதவை. மே மாதத்தில் மூடிய வேனில் திருச்சி கோடவுனிலிருந்து வரும் பெட்டி என் ஃபிரிட்ஜுக்குள் போகும் முன்பே எத்தனை செத்தன என்று எவருக்கும் தெரியாது. கடை அடுக்கிலிருந்து மாதிரி எடுத்து, கோடை முடிந்த பிறகு, காலாவதிக்குச் சற்று முன்னால் எண்ணிப் பாருங்கள். தொழிற்சாலை வாசலில் எடுக்கும் மாதிரி நோயாளிக்குக் கிடைப்பதைச் சொல்லாது.

2024இல் இந்த வகைப் பொருள்களை மருந்துக் கட்டுப்பாட்டின் கீழ் கொண்டுவரலாமா என்று ஆராய மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. எந்தத் துறையின் கீழ் வந்தாலும் எனக்குச் சம்மதம். ஆனால் துறை மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சிறுநீரகப் படத்தையும், சிறுநீரகத்தை நினைவூட்டும் பெயரையும் உணவு உரிமத்தில் அனுமதிக்காதீர்கள். 22ஆம் பிரிவைப் படத்துக்கும் பெயருக்கும் சேர்த்துப் பொருள்கொள்ளுங்கள். ரெப் கொடுக்கும் தாளும் விளம்பரம்தான் என்று தெளிவாக அறிவியுங்கள். அதை உங்களுக்கு அனுப்பி வைக்க மருந்தாளுநர்களுக்கு ஒரு வழி செய்யுங்கள், நாங்கள் அனுப்புவோம். நிறுவனம் எதையாவது நிரூபிக்க விரும்பினால் சில நூறு நோயாளிகளிடம், சில ஆண்டுகள், கிரியேட்டினினை மட்டும் நம்பாமல் சிஸ்டாட்டின்-சி போன்ற வேறொரு ரத்தப் பரிசோதனை அளவையும் வைத்துச் சோதிக்கட்டும். பலன் வந்தால் மருந்தாகவே உரிமம் வாங்கட்டும். நானே முதல் ஆளாக அடுக்கில் வைப்பேன்.

சிறுநீரக மருத்துவர்களிடமும் ஒரு வார்த்தை, இந்த மடல் அவர்கள் கண்ணிலும் படும் என்பதால். சிலருக்கு மலச்சிக்கலும் வயிற்று உப்புசமும் இதனால் குறைகிறது என்று நீங்கள் எழுதிக் கொடுப்பது எனக்குத் தெரியும். அந்தக் காரணத்தை நோயாளியிடம் சொல்லிவிடுங்கள். "இது வயிற்றுக்கு, கிட்னிக்கு இல்லை, காசு இல்லாத மாதம் விட்டுவிடலாம்" என்று ஒரு நிமிடம் சொன்னால் போதும். ஏனென்றால் அந்த நிமிடம் இல்லாததால் என் கவுண்டரில் நடப்பது இதுதான்: பணம் பற்றாத மாதத்தில் அவர்கள் விட்டுவிடுவது கேப்சூலை அல்ல. விலை அதிகமானது சக்தி அதிகமானது என்று நினைத்து அதை வைத்துக்கொண்டு, சிறுநீரகத்தைக் காக்கும் டாபாக்ளிஃப்ளோசின் மாத்திரையையோ பிரஷர் மாத்திரையையோ விட்டுவிடுகிறார்கள். டாபாக்ளிஃப்ளோசின் 4,304 பேரிடம் சோதிக்கப்பட்டு, பலன் தெளிவாகத் தெரிந்ததால் 2020இல் முன்கூட்டியே நிறுத்தப்பட்ட ஆய்வைத் தாண்டி வந்த மருந்து. அதே ஆண்டு இந்தியாவில் அதன் முதல் காப்புரிமை முடிந்து, பிறகு விலை நன்றாக இறங்கிவிட்டது. சிறுநீரகம் கெடும் வேகத்தைக் குறைக்கும் மாத்திரை மலிவாகக் கிடைக்கிறது, அதை நிறுத்திவிட்டு நிரூபணமாகாத ஒன்றுக்குப் பணம் கட்டுகிறார்கள். நான் எடுத்துச் சொல்லிப் பார்க்கிறேன். "டாக்டர் எழுதினதுதானே சார், அட்டையிலயே கிட்னி படம் போட்டிருக்கே" என்பார்கள். அந்தப் படத்துக்கு எதிராக என் பேச்சு எடுபடுவதில்லை.

சீட்டில் இருந்தால் நான் கொடுக்கிறேன். கொடுக்காமல் இருக்க எனக்கு உரிமை இல்லை. கேட்காதவரிடம் எடுத்துக் காட்டுவதில்லை. மாற்றுச் சிறுநீரகம் உள்ளவரோ கழுத்துக் குழாய் உள்ளவரோ கேட்டால், மருத்துவரிடம் ஒருமுறை போனில் பேசிவிட்டு வாங்கச் சொல்கிறேன். ஒரு கடைக்காரனால் முடிந்தது இவ்வளவுதான். மீதி உங்கள் கையில் இருக்கிறது.

இந்த மடலோடு, கடந்த சில மாதங்களில் என் கடைக்கு வந்த துண்டுத் தாள்களின் நகல்களையும் பெட்டிகளின் படங்களையும் உங்கள் மாவட்ட அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். எந்தெந்த வாசகம் சட்டத்துக்கு உட்பட்டது, எது இல்லை என்று எழுத்தில் பதில் தாருங்கள். தமிழில் தந்தால் கவுண்டரில் ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தஞ்சாவூர் மருந்தாளுநர் ஒருவர்